பார்க்காமல் வாங்கிய மீன்

ஒகேனக்கல் மீன் கடை வரிசையில் கடை போட்டிருக்கிற குள்ளன் பயப்படுகிற ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் தராசைச் சோதிக்க வருகிற அதிகாரி. இன்னொருத்தி, ஆற்றங்கரையில் அடுப்புப் போட்டு மீன் சமைத்துத் தருகிற செல்லியின் மகள் வெண்மதி.

அதிகாரி எப்போதாவது வருவார். வெண்மதி சனியும் ஞாயிறும் தவறாமல் வந்தாள். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிற பார்ட்டிகள் செல்லியிடம் சமையல் பேசி முடித்ததும், மீன் வாங்கித் தருவது வெண்மதியின் வேலை. அவள் பின்னாலேயே பார்ட்டியும் வேடிக்கை பார்க்க வரும். வந்ததும் ரோகுக் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவாள். ஒரு ரோகுவின் செவுளைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். கட்லாவின் வயிற்றை அமுக்கி, "நேத்து மீனு" என்பாள். ஜிலேபி மீனின் விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு இரண்டு எட்டு போவாள். போனவள் ஏதோ பாவம் பார்த்துத் திரும்புகிறவள் மாதிரி, "சரி, அந்த வாளையயாச்சும் போட்டுத் தொலைங்க மாமா. பார்ட்டி பசியோட நிக்கிறாங்க" என்பாள். போகிறவள் திரும்பிய சந்தோஷத்தில் குள்ளன் விலையைக் குறைத்துவிடுவார். அவள் வந்ததே வாளைக்குத்தான் என்பது, வாளை குழம்பில் கொதிக்கிற நேரத்தில்தான் அவருக்கு உறைக்கும்.

"ஏ செல்லி, ஒம் பொண்ணு அந்த வாளை பக்கம் ஒருக்கா கூட திரும்பல. நானும் பாத்துட்டேதான் இருந்தேன். கடைசில அதத்தான் தூக்கிட்டுப் போறா."

"பாத்தா நீ வெலைய ஏத்துவ. அதான் பாக்கல" என்று அடுப்பை ஊதிக்கொண்டே செல்லி சொல்வாள். சொல்லும்போது முகத்தில் புகையையும் மீறி ஒரு பெருமை இருக்கும். இதை அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை, காற்றோடு பிடித்துக்கொண்டது.

அந்த வெண்மதி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். பென்னாகரம் அரசுப் பள்ளியில் பெண்களில் அவள்தான் முதல் மதிப்பெண். கம்ப்யூட்டர் படிக்கப்போகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் அறையின் சாவி இரண்டு வருடமும் அவளிடம்தான் இருந்தது. பரிசல்காரர்களின் முறையைச் சொல்லுகிற செயலி ஒன்றை அங்கேயே செய்து, அப்பாவின் போனில் போட்டுக் காட்டினாள். அடுத்த முறை யாருடையது, யார் சவாரிக்குப் போயிருக்கிறார், எல்லாம் தெரிந்தது. அவர்களுடைய ஊரான ஊட்டமலையின் பரிசல்காரர்கள் ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றி நின்று ஆச்சரியப்பட்டார்கள். மறுநாள் பழையபடி மணலில் துடுப்புகளை முறை வரிசையில் நட்டு வைத்துவிட்டார்கள்.

"துடுப்புக்குச் சார்ஜு எறங்காது பாப்பா" என்று பரிசல் ஓட்டுகிற அவளுடைய அப்பா மாது சமாதானம் சொன்னார்.

கம்ப்யூட்டர் என்பது முடிவானது. எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஊரில் என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

செல்லிக்கு அதிலும் குழப்பம் இல்லை. தருமபுரியிலேயே இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயந்தரம் வீடு. ஊட்டமலையின் மூன்றாவது வளைவில் பஸ் ஆரன் அடிக்கும்போது சோற்றை வடித்தால், பிள்ளை செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சூடாக இருக்கும். அவள் கணக்குப் போட்டது இவ்வளவுதான். கேட்டவர்களிடம் மட்டும் வேறு காரணம் சொன்னாள். "ஆஸ்டல்ல களி கெடைக்காதாம். களி இல்லாம இவ இருக்க மாட்டா."

வெண்மதியும் மறுத்துப் பேசவில்லை. "தருமபுரியே நல்லாத்தாம்மா இருக்குது. பெரிய மரமெல்லாம் இருக்குதாம்" என்றாள். ஒரே ஒரு தடவை, பாய் விரிக்கும்போது, வேறு ஏதோ நினைப்பில் சொன்னாள்.

"ஏம்மா, அருவிச் சத்தம் இல்லாம தூங்கினா எப்படி இருக்கும்?"

"செவிடாப் போன மாதிரி இருக்கும். படு."

ஆனி முடிந்து ஆடி பிறக்கிற சமயம் கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. காவிரி செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. பரிசல் ஓட்டத் தடை போட்டார்கள். பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேச்சைக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மாதுவின் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வேலை இல்லாத மாது அடுப்பு அடுப்பாகப் போய் ஊர் நாயம் பேசினார். ஆனால் தண்ணீரைப் பார்க்க வருகிற கூட்டம் குறையவில்லை. அவர்களுக்கு மீன் வேண்டியிருந்தது.

செல்லி புது வழக்கம் ஒன்றை ஆரம்பித்தாள். சாப்பிட வருகிற ஒவ்வொரு பார்ட்டியிடமும், காரம் எவ்வளவு போடலாம் என்று கேட்ட கையோடு, "நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள். பெங்களூர்க்காரர்களிடம் தனக்குத் தெரிந்த கன்னடத்தையும் கலந்துகொள்வாள்.

"பன்னி சார், வாங்க, உக்காருங்க. ஸ்வல்ப காரம் போடட்டுமா, நல்லாப் போடட்டுமா? கம்பியூட்டர் படிச்சீங்களா, வேற ஏதாச்சுமா?"

ஒரு சனிக்கிழமை வந்தவர்கள் ஆறு பேர். ஒரே ஆபீஸ். ஆளுக்கொரு வாழையிலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்தாங்க எடுக்கணும். அதான் வேர். மத்ததெல்லாம் கிளை."

"அதெல்லாம் பழைய கதை. இனிமே ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்தான்" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"அந்த ஏ.ஐ. வந்துதான் நம்ம வேலையே ஆடுது. சைபர் செக்யூரிட்டி படிக்கச் சொல்லுங்க. திருடன் இருக்கற வரைக்கும் வேலை இருக்கும்."

"ஐ.டி.யும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க" என்றாள் ஒரு பெண்.

செல்லிக்குத் தலை சுற்றியது. "ஒரே மீன கொழம்பு, வறுவல், கிரேவின்னு பலகைல எழுதிப் போடற மாதிரியில்ல இருக்குது?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "கரெக்ட்டுக்கா. மொத ரெண்டு வருசம் மீன் ஒண்ணுதான்."

"நீங்க என்ன படிச்சீங்க சார்?" என்று ஓரமாக உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தவரைச் செல்லி கேட்டாள்.

"நான் மெக்கானிக்கல்ங்க. இவங்க எல்லாத்துக்கும் நான்தான் மேனேஜர்."

பக்கத்து அடுப்பிலிருந்து சின்னக்கா குரல் கொடுத்தாள். செல்லியும் அவளும் ஒரே வருடம் கல்யாணமாகி ஊட்டமலைக்கு வந்தவர்கள். "ஏ செல்லி, கம்பியூட்டரு கெடக்கட்டும். வறுவலுக்கு உப்புப் போட்டியா?"

போடவில்லை. செல்லி நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

மாதுவுக்கு வேறு ஒரு கவலை. "நான் எத்தன பேர பரிசல்ல ஏத்தியிருக்கேன். இந்த ஐ.டி. ஆளுங்க எவனும் சிரிச்சு நான் பாத்ததில்ல. அருவிக்கு நேரா கொண்டுபோய் நிறுத்தினா, போன காதுல வெச்சுக்கிட்டு மீட்டிங்ல இருக்கேங்கறான். அந்தக் கல்லு முக்குல டவரு போகும் பாரு, அப்பத்தான் மொகத்துல ஒரு சிரிப்பு வருது."

"அப்ப நான் படிக்க வேணாமாப்பா?" என்றாள் வெண்மதி.

"படி. படிச்சுட்டு, சிரிக்கற மாதிரி ஒரு வேல இருக்குதான்னு பாரு."

இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் போட வேண்டிய நாளில் செல்லி அடுப்பைச் சின்னக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மகளோடு பென்னாகரம் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரபாகரின் கம்ப்யூட்டர் சென்டர். ஒரு விசிறி, இரண்டு கம்ப்யூட்டர், வாசலில் பத்துப் பன்னிரண்டு செருப்புகள். பிரபாகர் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான்.

"எது வேணுமோ அத மேல போடணும்க்கா. ரெண்டாவது புடிச்சது அதுக்குக் கீழ. அப்படியே எறங்கி வரணும்."

செல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வியாபாரம் என்றால் அவளுக்குத் தெரியும்.

"மேல சென்னையப் போடு. அந்தப் பெரிய காலேஜு."

வெண்மதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "சென்னை எதுக்கும்மா? ஒரே வெயிலு."

"சும்மா போடு."

"ஆஸ்டல் சோறு வாய்லயே வைக்க முடியாதாம்."

"நீ என்ன அங்க போகவா போற? போடுடி."

"அக்கா, அப்படி சும்மால்லாம் போடக் கூடாது" என்றான் பிரபாகர். "மேலேருந்துதான் பாத்துட்டு வருவாங்க. எது கெடைக்குதோ அதோட நின்னுரும். கீழ இருக்கறத பாக்கவே மாட்டாங்க."

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். மேல இருக்கறத இல்லம்பாங்க. நடுவுல இருக்கறதயும் இல்லம்பாங்க. கடைசியா தருமபுரிக்கு வந்து நிப்பாங்க. நம்மளும் போனாப் போவுதுன்னு வாங்கிக்கறாப்பல வாங்கிக்குவோம். எடுத்த எடுப்புல தருமபுரின்னு கேட்டோம்னு வெச்சுக்க, இவளுக்கு இதான் லாயக்குன்னு அதுக்கும் கீழ எதையாச்சும் தள்ளி வுட்டுருவாங்க."

"இது மீன் கட இல்லக்கா."

"எல்லாம் கடதான் தம்பி."

"இவளுக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீடு வேற இருக்குது. அதுல ரேங்க் ரொம்ப நல்லாருக்கு. பீசு, ஆஸ்டலு எல்லாம் கவர்மெண்ட்டே கட்டிரும். மேல போட்டதே கெடைச்சாலும் கெடைச்சுரும்."

செல்லி சிரித்தாள். குள்ளனும் இப்படித்தான், அந்த மீனுக்கு இப்பத்தான் ஒரு கார்க்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார் என்பார்.

"அம்மா, அண்ணன் சொல்றது நெசம்தான்" என்றாள் வெண்மதி. "அப்புறம் என்னச் சொல்லக் கூடாது. பேசாம தருமபுரியவே மேல போட்டுரட்டுமா?"

"நீ வாய மூடு. ஒனக்கென்ன தெரியும்? மேல சென்னை. கம்பியூட்டர் சயின்சு. அப்புறம் கோயமுத்தூரு. அப்புறம் சேலம். கடைசில தருமபுரி."

வெண்மதி முகத்தை ஒரு மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். மாதுவின் போனுக்கு வந்த ரகசிய எண்ணை அவரைக் கூப்பிட்டுக் கேட்டுப் போட்டார்கள். பிரபாகர் பட்டியலைப் பூட்டிவிட்டான். இனி மாற்ற முடியாது என்றான். திரும்பும்போது செல்லி மகளுக்கு ஒரு பலூடா வாங்கிக் கொடுத்தாள். நல்ல பேரம் முடித்த நாளில் அவளுக்கு அப்படி ஏதாவது வாங்கத் தோன்றும்.

முடிவு வந்த அன்று வெயிலும் தூறலும் மாறி மாறி அடித்தன. செல்லியின் அடுப்பில் ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் தோசைக் கல்லில் வறுவல். வெண்மதி சற்றுத் தள்ளிக் கல்லில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். சேலத்துப் பார்ட்டி ஒன்று இலை போட்டுக் காத்திருந்தது. கரைப் பக்கமிருந்து மாது செருப்பில்லாமல் ஓடி வந்தார். போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"பிரபாகரு போன் பண்ணாரு! கெடைச்சிருச்சாம்!"

"தருமபுரியா?"

"சென்னை! மேல போட்டமே, அதே! கம்பியூட்டர் சயின்சு!"

அருவிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று செல்லி இன்னொரு தடவை கேட்டாள். மாது இன்னொரு தடவை கத்தினார். சேலத்துப் பார்ட்டிக்கும் கேட்டது. அவர்கள் கை தட்டினார்கள்.

செல்லிக்குக் கரண்டி கையிலேயே நின்றது. பேரம் பேசுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு திகில் உண்டு. வாய்க்கு வந்த ஒரு விலையைக் கேட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தயாராக நிற்கும்போது, கடைக்காரர் "சரி, எடுத்துக்கோ" என்று பையில் போட்டுக் கொடுத்துவிடுகிற திகில்.

"கேட்ட வெலைக்கே குடுத்துட்டாங்களா?"

"அப்ப மீன்ல ஏதோ கோளாறு இருக்குது" என்றாள் சின்னக்கா, தன் அடுப்பை விட்டு எழுந்து வந்து.

"நீ சும்மா இரு சின்னக்கா. ஏங்க, வேணாம்னு சொல்ல முடியாதா?"

"சொல்லலாமாம். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள, ஒத்துக்கறோம்னோ வேணாம்னோ போன்லயே அமுக்கணுமாம். வேணாம்னா அடுத்த ரவுண்டு. அதுல மிச்சம் மீதி என்ன இருக்குதோ அதான்."

"தருமபுரி இருக்குமா?"

"யாரு கண்டா?"

செல்லி மகளைப் பார்த்தாள். "என்னடி சொல்ற?"

"ஒன் இஷ்டம்மா" என்றாள் வெண்மதி. தலை நிமிரவில்லை. "வேணாம்னா வேணாம்னு அமுக்கிரலாம். எனக்கு ஒண்ணுமில்ல."

மாது போனைக் கொண்டுபோய் மகளுக்குப் பக்கத்தில், மீன் கல்லின் காய்ந்த ஓரத்தில் வைத்தார். திரை வெளிச்சமாக இருந்தது. கல்லூரியின் பெயர் அதில் நீளமாக, இரண்டு வரிக்கு மடங்கி நின்றது. சின்னக்கா குனிந்து பார்த்தாள். சேலத்துப் பார்ட்டியில் ஒருவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "பெரிய காலேஜும்மா" என்றார். மழைக்கு ஒதுங்கி வந்த குள்ளன்கூட எட்டிப் பார்த்தார்.

வெண்மதி பார்க்கவில்லை. மீனைத் திருப்பினாள். உரசினாள். மறுபடி திருப்பினாள். அந்த மீனில் செதில் எப்போதோ போய்விட்டிருந்தது. வெள்ளையாக வழுக்கிக்கொண்டிருந்த மீனை அவள் இன்னும் உரசிக்கொண்டே இருந்தாள்.

செல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சென்னை எதுக்கும்மா, ஒரே வெயிலு. ஆஸ்டல் சோறு வாய்லயே வைக்க முடியாதாம். அப்புறம் என்னச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றாக ரோகுவின் செவுளும் கட்லாவின் வயிறுமாக அவள் முன்னால் வந்து விழுந்தன.

"ஏ வெண்மதி. அந்தப் போனப் பாரு."

"கையெல்லாம் செதிலு."

"கழுவிட்டுப் பாரு."

"அப்புறமாப் பாக்கறேன்."

"குள்ளங் கடையில வாளையப் பாக்காம இருப்பியே, அப்படியில்லடி பாக்காம இருக்கற."

உரசுகிற சத்தம் நின்றது. குள்ளன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னக்கா அவர் முழங்கையில் இடித்தாள்.

"அந்தக் காலேஜுதான் வேணுமா ஒனக்கு?"

வெண்மதி இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "ஆமா."

"எப்பருந்து?"

"பதினொண்ணாவதுலருந்து. எங்க லேப் மிஸ் அங்கதான் படிச்சாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீ வெலைய ஏத்தியிருப்ப."

"நானா? நான் என்னடி வெல சொல்லப் போறேன் ஒங்கிட்ட?"

"அழுதிருப்பம்மா" என்றாள் வெண்மதி. "நீ அழுதா அந்த வெலைக்கு என்னால வாங்க முடியாது. தருமபுரிக்கே போறேன்னு சொல்லியிருப்பேன்."

கல்லில் வறுவல் கருகுகிற வாசனை வந்தது. சின்னக்கா ஓடிப்போய் மீனைத் திருப்பிப் போட்டாள். ஊட்டமலையிலும் கடை வரிசையிலும் யாரும் தன்னை ஏமாற்றியதில்லை என்று செல்லி நினைத்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை பலூடாவும் வாங்கித் தின்றுவிட்டு ஏமாற்றியிருக்கிறாள். அடக்கப் பார்த்தும் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே வந்த இன்னொன்றை அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"புகை" என்றாள்.

"ஆமாமா, புகைதான்" என்றார் மாது. அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நாந்தான் தெனமும் ஏமாறறேன்னு நெனச்சேன்" என்றார் குள்ளன், ரொம்ப நாள் பாரம் இறங்கினவர் மாதிரி.

செல்லி இடுப்பில் கை வைத்தாள். "சரி. ஆனா ஒண்ணு. வாரா வாரம் வூட்டுக்கு வந்துரணும்."

வெண்மதி மூக்கை உறிஞ்சினாள். குரல் மாறிவிட்டது. "வாரா வாரமா? சென்னை என்ன பென்னாகரமா? மூணு மாசத்துக்கு ஒருக்கா வரேன்."

"மூணு மாசமா? மூணு மாசத்துல காவிரியே வத்திப் போயிருக்கும்டி. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா."

"பரீட்ச இருக்கும்மா. ரெண்டு மாசம்."

"அப்ப வேணாம். வராதயே போ. அங்கயே இரு."

செல்லி திரும்பி விறகு அடுக்கியிருந்த பக்கம் இரண்டு எட்டு நடந்தாள். நனையாத கட்டையாக ஒன்றைத் தேடி எடுத்தாள். மாது பதறி என்னவோ சொல்லப் போனார். சின்னக்கா அவரையும் தடுத்தாள். சேலத்துப் பார்ட்டி இலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டையை அடுப்பில் சொருகிவிட்டு, போனால் போகிறது என்கிற குரலில் செல்லி சொன்னாள்.

"சரி, அந்த மாசம் ஒருக்காவாச்சும் வந்து தொலை. ஒங்கப்பா தேடுவாரு."

"மாசம் ஒருக்கா" என்றாள் வெண்மதி.

அவள் எழுந்துபோய்க் குடத்து நீரில் கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள். செல்லி அடுப்புத் தீயைப் பார்த்தாள். குழம்பைப் பார்த்தாள். பாறைகளையெல்லாம் மூடிக்கொண்டு போகிற சிவப்புத் தண்ணீரை வெகு நேரம் பார்த்தாள். மகளை மட்டும் பார்க்கவில்லை.